சுண்ணாம்புக்கட்டி எண்கள்

அந்தச் சனிக்கிழமை கிழக்கு வெளுக்கும் முன்பே பக்கத்து வீட்டு செப்டிமஸ் யூடோராவின் கூரைமேல் ஏறியிருந்தான். கடப்பாரை நுனியைத் தகரத்துக்கடியில் கொடுத்து நெம்பினான். துருவேறிய ஆணி கிறீச்சிட்டு வெளியே வந்தது. கீழே பத்துப் பன்னிரண்டு பேர் தகரங்களைக் கைமாற்றி வாங்கி வண்டியோரம் அடுக்கினார்கள். தகர விளிம்பு உள்ளங்கைகளைக் கிழித்தது. எல்லாரையும் வேலைக்கு அழைக்கும் ஆலைச் சங்கு ஊதுவதற்குள் அவள் வீட்டைக் கழற்றியாக வேண்டும்.

பார்படோஸ் தீவில் கரும்புத்தோட்டக் கூலிகளின் வீடுகள் எல்லாமே கழற்றக்கூடியவை. அடித்தளம் கிடையாது. பவளப்பாறைக் கற்களைச் சும்மா அடுக்கி, அதன்மேல் மரச்சட்டம். சட்டத்தின்மேல் நான்கு பலகைச் சுவர்கள். மூலைக்கு மூலை ஆப்பு. ஆப்பைத் தட்டினால் சுவர் தனியே வந்துவிடும். பலகைகளில் சுண்ணாம்புக்கட்டியால் எண் எழுதி ஏற்றிப்போனால், மறுநாளே வேறிடத்தில் வீடு நிற்கும். கெட்டிக்கார வேலைதான். ஆனால் இந்தக் கெட்டிக்காரத்தனம் எதற்காக வந்தது? யூடோராவின் கொள்ளுப்பாட்டியை ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கப்பலின் அடித்தட்டில் போட்டுக் கொண்டுவந்தார்கள். நூறு வருஷத்துக்கு முன் சட்டம் விலங்கை அவிழ்த்தது. காலுக்கடியில் கிடந்த மண்ணை மட்டும் துரைமாரிடமே விட்டுவைத்தது. துரைமாரின் தோட்டத்தில் வேலை செய்கிறவரைதான் குடியிருப்பு. எந்த நாளில் விரட்டுவார்கள் என்று தெரியாதவர்கள் வேறெப்படி வீடு கட்டுவார்கள்?

வியாழக்கிழமை, கரும்புக் கட்டுக்கு இவ்வளவு என்று தரும் கட்டுக்கூலியைக் குறைத்தார்கள். தலைச்சுமையை வண்டியருகே இறக்கிய யூடோரா, "கட்டு இளைக்கலையே, கூலி மட்டும் ஏன் தொரே இளைச்சுப்போச்சு?" என்று மேலாளர் ஹாலோவேயிடம் கேட்டாள். கரும்பு சுமந்த பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்குத் தண்டனையாகத்தான், சனிக்கிழமை நண்பகலுக்குள் அவள் வீடு தோட்டத்தைவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு. அவளுக்கு இடம் தரக்கூடாதென்று பக்கத்துத் தோட்டங்களுக்கும் சொல்லியனுப்பியாயிற்று. வண்டியை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று அவளுக்கே தெரியாது.

ஒரு வீடு கிளம்பினால் குடியிருப்பே வந்து கைகொடுக்கும். கிளம்புகிறவர் ரம் ஊற்றுவார். அதுதான் வழக்கம்.

"அக்கா, அடுக்கினதுல பதினேழாம் பலகையக் காணோமே, எங்க?" என்று செப்டிமஸ் கத்தினான்.

யூடோரா அந்தப் பலகையைக் கையில் பிடித்தபடி எல்லாருடைய கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எறங்குடா."

"இன்னும் ரெண்டு தகரந்தான்க்கா."

"எறங்குங்கறேன்ல. தொரை ஒரு ஆளை அனுப்பலை, ஒரு போலீஸை அனுப்பலை, பாத்தியா? அவன் வேலைய நாமளே ரம்மு ஊத்திச் செஞ்சு குடுக்கறோம்."

வேலை நின்றது. கரும்பு வெட்டும் ஆர்டீன் மெல்லச் சொன்னாள்: "போன வருஷம் கிளியோமி வீட்டையும் நாமதான் கழட்டுனோம். அடுத்து யாரு வீடோ?"

"பேசாம நாப்பது வீட்டையும் ஒரே நாள்ல கழட்டிருவோம், தொல்லை விட்டுது!" என்று செப்டிமஸ் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான்.

எல்லாருடைய கண்களும் வயலுக்குப் போயின. நேற்று வெட்டிய கரும்பு வரிசை வரிசையாகக் கிடந்தது. வெட்டிய நொடியிலிருந்தே கரும்புக்குள் இனிப்பு இறங்கத் தொடங்கிவிடும். இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் சாறு புளிக்கும். புளித்த சாறு எவ்வளவு காய்ச்சினாலும் சர்க்கரையாக உறையாது. கிடக்கிற கரும்பைத் தூக்கி வண்டியில் ஏற்ற இந்தக் கைகளை விட்டால் வேறு கைகள் இல்லை.

சங்கு ஊதியபோது குடியிருப்பு முழுவதும் தகரம் நெம்பும் சத்தமாக இருந்தது.

மேலாளர் ஹாலோவே குதிரையில் வந்தார். "சங்கு காதுல விழலை? என்ன பண்றீங்க?"

"வீடு கழட்டறோம் தொரே," என்றாள் யூடோரா.

"உன் வீட்டைத்தானே சொன்னேன்!"

"நீங்க ஒண்ணுதான் சொன்னீங்க. நாங்க நாப்பதையும் சேத்துக்கிட்டோம்."

"எங்க போவீங்க? ஒருத்தனும் எடம் தரமாட்டான்."

"எங்கயும் போகலையே. கூரையில்லாம இங்கயே உக்காந்திருப்போம். வெயிலு எங்களுக்குப் பழக்கந்தான் தொரே, கரும்புக்குத்தான் ஒத்துக்காது."

அவர் வயலைப் பார்த்தார். குரல் இறங்கியது. "திங்கக்கெழம ஆபீசுக்கு வா. பேசலாம்."

"திங்கக்கெழம அந்தக் கரும்பு காடியாயிருக்கும். என் வீடு, கட்டுக்கூலி ரெண்டையும் இன்னிக்கே பேசுங்க. இங்கயே, எல்லார் முன்னாலயும்."

ஹாலோவே குதிரையைத் திருப்பினார். முதலாளியைக் கூட்டிவரப் போகிறாரா, போலீஸையா என்று யாருக்கும் தெரியாது. சங்கு இரண்டாம் முறை ஊதியது. ஒரு கால்கூட அசையவில்லை. கூரையற்ற நாற்பது வீடுகளுக்குள் வெயில் நேராக இறங்கியது.

செப்டிமஸ் ஒரு துணியோடு வந்தான். "அக்கா, நாமதான் எங்கயும் போகலையே, பலகையில எழுதின நம்பரையெல்லாம் அழிச்சிரட்டுமா?"

"அழிக்காதடா," என்றாள் யூடோரா, பதினேழாம் பலகையைக் கல்மேல் சாய்த்துவைத்து. "திரும்ப மாட்ட வேணாமா?"