வருங்காலத்துக்கு ஒதுக்கிய அறை

சபையின் ஐம்பதாம் ஆண்டுக்கு ஒரு முழக்கம் வேண்டுமென்று கமிட்டி மூன்று முறை கூடி, ஆறு முறை தேநீர் குடித்து, கடைசியில் கண்டுபிடித்தது: "வரும் தலைமுறைக்காக விசுவாசத்தில் வளர்வோம்." பதாகையில் விசுவாசத்தைவிடச் செயலாளரின் முகம்தான் நன்றாக வளர்ந்திருந்தது.

தையற்காரிக்கு மகிழ்ச்சிதான். ஆறு நாள் பள்ளிச் சீருடை தைத்துவிட்டு, ஏழாம் நாள் ஆலயத்தின் பின்னறையில் ஒன்பது பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்துகிறவள் அவள். வெட்டித் தள்ளிய துணியில் ஆட்டுக்குட்டியும் மீனும் செய்து சுவரில் மாட்டி, பதினோரு வருடமாகக் கதை சொல்கிறாள். இனியாவது ஒழுகும் கூரையைப் பார்ப்பார்கள் என்று நினைத்தாள்.

பார்த்தார்கள். பார்த்து, அறையையே எடுத்துக்கொண்டார்கள். அது இனி 'தலைமுறை அறை'. இனிமேல் பிறக்கப்போகும் பேரன் பேத்திகளுக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரு விசுவாசக் கடிதம் எழுதும். எல்லாவற்றையும் பித்தளைப் பெட்டியில் அடைத்து அந்த அறைச் சுவரில் பதிப்பார்கள். மேலே கமிட்டியார் பெயர் செதுக்கிய கல். எழுத யாருக்கும் நேரமில்லை என்பதால் செயலாளரே ஒரு கடிதத்தை எழுதி அச்சடித்துக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டால் போதும், விசுவாசம் ஆயிற்று.

"வேலை முடியற வரைக்கும் பிள்ளைங்க எங்கய்யா உக்காருவாங்க?" என்று கேட்டாள்.

"நாலு மாசந்தானே டீச்சரம்மா, அப்புறம் ரூம் உங்களுக்குத்தான். வண்டி நிறுத்துற கொட்டகை காலியாத்தானே கெடக்கு?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் காலியா இருக்காதுங்கய்யா."

"விசுவாசம் இருந்தா எடம் தானா வரும்மா."

வந்தது, இரண்டு மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில். பிள்ளைகள்மேல் வைக்க வேண்டிய அன்பைப் பற்றிப் போதகர் உருகிக்கொண்டிருந்தபோது கொட்டகையிலிருந்து வந்த பாட்டுச் சத்தம் அவருக்கு இடைஞ்சலாகப் போயிற்று. மறுவாரமே உத்தரவு: பிள்ளைகள் பெற்றோரோடு உட்காரட்டும், வாயைத் திறக்காமல்.

முதல் மாதத்தில் ஐந்து பிள்ளைகள் வருவது நின்றது. "அவன அதட்டி அதட்டியே எனக்கு ஆராதனை முடிஞ்சிடுதுக்கா, வீட்லயே விட்டுட்டு வந்துடறேன்" என்றாள் ஒரு தாய். ஒருவன் பந்து விளையாடப் போனான். நான்காம் மாதம் முடியும்போது யாருமே இல்லை. தையற்காரி செயலாளரிடம் போய்ச் சொன்னாள்.

"எங்க போயிடப் போறாங்க? நம்ம பிள்ளைங்கதானேம்மா!"

விழாவுக்கு முந்தின நாள் காலை, அவரே அவள் கடை தேடி வந்தார். "பெட்டிய சுவத்துல வைக்கிறது பிள்ளைங்களா இருக்கணும். 'வரும் தலைமுறையின் கரங்களால்'னு அழைப்பிதழ்லயே போட்டாச்சு. ஒன்பது பேரையும் வெள்ளைச் சட்டையில கொண்டாந்துடுங்க."

"வர்றதே இல்லைன்னு அன்னிக்கே சொன்னேனேங்கய்யா."

"இன்னிக்குப் போய்க் கூப்பிடுங்க."

கடையைச் சாத்திவிட்டு ஒன்பது வீடு ஏறினாள். ஒரு பிள்ளை வந்தாலும் திரும்பத் தொடங்கிவிடலாம் என்ற நப்பாசை. எட்டு வாசலில் சிரித்து அனுப்பினார்கள். ஒன்பதாவது வீட்டுச் சிறுமி, வகுப்பில் ஓயாமல் கேள்வி கேட்டவள், படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, அங்க பேசலாமா?"

"நாளைக்கு ஒரு நாள் மட்டும், பெட்டிய வச்சிட்டு..."

"அப்பப் பேசக் கூடாது" என்று முடிவுகட்டிவிட்டு மறுபடி வரையக் குனிந்துகொண்டாள்.

விழாவில் செயலாளர் கூட்டத்தைத் துழாவினார். அழைப்பிதழைப் பொய்யாக்க முடியுமா? வாலிபர் சங்கத் தலைவரைக் கூப்பிட்டார். இருபத்தெட்டு வயதில் உட்கார்ந்த நாற்காலியை விட்டு ஐம்பத்தாறிலும் எழுந்திருக்காதவர் அவர். எழுந்தாலும் முழங்கால் விடாது. இருவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்க, வரும் தலைமுறையின் கரங்கள் நடுங்க நடுங்கப் பெட்டியைச் சுவருக்குள் வைத்தன. எல்லாரும் கைதட்டினார்கள். கொத்தனார் சிமெண்டைப் பூசி மெழுகினார்.

செயலாளர் சாவியைத் தையற்காரியின் கையில் திணித்தார். "சொன்ன வாக்குத் தவறல பாத்தீங்களா? இனி இந்த ரூம் உங்க பிள்ளைங்களுக்குத்தான்."

மறு ஞாயிறு அவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள். கூரை ஒழுகவில்லை. ஒன்பது புது நாற்காலிகள், உறை பிரிக்காமல். 'சுவரில் ஆணி அடிக்கக் கூடாது' என்று எழுதியிருந்ததால் துணி ஆட்டுக்குட்டி அவள் மடியிலேயே கிடந்தது. வெளியே காலடிச் சத்தம். யாரோ விருந்தாளியோடு செயலாளர் வந்து சாத்தியிருந்த கதவருகே நின்றார்.

"முன்னெல்லாம் இந்த ரூம்ல என்னா கூச்சல் தெரியுமா சார்! இப்பக் கேளுங்க. மூச்சு விடற சத்தம் வருதா? இதான் சார் வளர்ச்சி."

"அற்புதம்" என்றார் விருந்தாளி.

பிள்ளைகளுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று இருவரும் பூனைபோல் நடந்து போனார்கள்.