எண்பத்தைந்து கைகள்

கடல் கடந்த நாடுகளோடு போட்ட வணிக ஒப்பந்தத்துக்கு ஆதரவாக அவையில் தூக்கிய எண்பத்தாறு கைகளில் ஒன்று மட்டும்தான் கீழே இறங்கியது. அன்று செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால். அவைத்தலைவர் எண்ணி முடித்து, நிறைவேறியது என்று அறிவித்து, கையை இறக்கலாம் என்றார். எண்பத்தைந்து பேர் இறக்கப் பார்த்தார்கள். வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. விரல்கள் மடங்கின, நகம் வளர்ந்தது, கை மட்டும் தோளிலிருந்து நேராக மேலே நின்றது. இறங்கிய ஒரே கை ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவருடையது. அவர் அதே கையால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடிக்கப் போனார்.

முதல் வாரம் மருத்துவர்கள் வந்து ஒவ்வொரு மணிக்கட்டிலும் மூன்று கிலோ மணல் மூட்டை கட்டினார்கள். கையோடு சேர்ந்து மூட்டையும் மேலே நின்றது. இரண்டாவது வாரம் உறுப்பினர்களின் கார்களுக்குக் கூரையில் ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரத்துக்குள் புறாக்களுக்குப் பழகிவிட்டது.

பூட்டுப் பட்டறைகள் இருந்த வட்டாரத்தின் உறுப்பினரும் அந்த எண்பத்தைந்து பேரில் ஒருவர். உறுப்பினர் ஆவதற்கு முன் பதினான்கு வருஷம் தன் அக்காவின் பட்டறையில் சாவி அராவியவர். அக்காவும் அங்கே வேலை செய்யும் பத்தொன்பது பேரும் மாடி மாடியாக ஏறி இறங்கித்தான் அவருக்கு ஓட்டுச் சேர்த்தார்கள். இப்போது அவருடைய சட்டைகளை மாட்டுவதற்கு வழியில்லை. அக்கா தையலைப் பிரித்துக் கொக்கி வைத்துக் கொடுத்தாள். தைத்துக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்.

"அந்தக் காகிதத்துல பூட்டப் பத்தி என்னடா போட்டிருக்கு?"

"தெரியலக்கா."

"படிக்கலயா?"

"மூவாயிரத்து நூத்தி நாப்பது பக்கம்க்கா. யாருமே படிக்கல. கட்சில தூக்கச் சொன்னாங்க, தூக்கிட்டேன்."

அக்கா நூலைப் பல்லால் கடித்தாள். "எங்களக் கைதூக்கி விடுவேன்னுதான் உன்ன அனுப்பினோம். நீ போயி கையத் தூக்கிட்டு நிக்கிற."

புது எந்திரம் வாங்குவதா, அல்லது பட்டறையை மூடிவிட்டுப் பத்தொன்பது பேரையும் வேறு வேலை தேடச் சொல்வதா என்பது அந்தக் காகிதத்தைப் பொறுத்து இருந்தது. அக்காவுக்கு அது தெரியும். காகிதத்தில் என்ன இருந்தது என்பதுதான் தெரியாது.

தலைமையாசிரியை ஒப்பந்தம் முழுவதையும் படித்தவர் என்ற செய்தி இதற்குள் பரவியது. படித்தால் கை இறங்கும் என்று எல்லாரும் முடிவு செய்தார்கள். அவையின் அடித்தளத்தில் ஒரு வாசிப்பறை இருந்தது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரே பிரதி, ஒரு காவலாளி. பேனாவும் போனும் உள்ளே கொண்டுபோக முடியாது. வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை தலைமையாசிரியையைத் தவிர அந்த அறைக்குள் தூசிதான் வந்து போய்க்கொண்டிருந்தது. இப்போது எண்பத்தைந்து பேர், பதில் தெரிந்த பிள்ளைகள் போலக் கையைத் தூக்கிக்கொண்டு, படிக்கட்டு வரைக்கும் வரிசையில் நின்றார்கள். கூட்டம் தாங்காமல் மேலும் ஏழு பிரதிகள் அச்சிட்டு ஏழு நாற்காலிகள் போட்டார்கள். "இத்தன கை தூக்கியிருக்கு, கேள்வி யாருங்க கேட்டா?" என்று காவலாளி விசாரித்தார்.

நம் உறுப்பினருக்குப் பதினோரு மாதம் ஆனது. இடது கையால் பக்கம் திருப்பினார். 'பூட்டு' என்ற தலைப்பு எங்கேயும் இல்லை. இரண்டாயிரத்து இருநூற்று ஆறாம் பக்கத்தில், அடிப்படை உலோகங்களாலான பல்வகைப் பொருட்கள் என்ற தலைப்பின் கீழ், மணிகளுக்கும் படச் சட்டங்களுக்கும் நடுவில் அது ஒண்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தை நாலு தடவை படித்தார். பிறகு மீதியையும் படித்து, கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு அண்ணாந்து பார்த்தார். கை மேலேயே இருந்தது. காவலாளியும் பார்த்தார்.

"கடைசிப் பக்கமா அது?"

"ஆமா."

"பின்னாடி பாத்தீங்களா?"

பின்னாடி ஒன்றும் இல்லை. உறுப்பினர் நேராகத் தலைமையாசிரியை வீட்டுக்குப் போனார். அவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "படிச்சதால இறங்குச்சுன்னு யாரு சொன்னா? வாராவாரம் படிச்சத எங்க தெருவுல வந்து சொன்னேன். கேட்டுட்டு அவங்க தூக்குன்னாங்க. தூக்கினேன்."

"சொல்ல மாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்கோமே, டீச்சர்."

"போட்டேன்தான். எங்க தெரு என்ன அனுப்பினப்ப வாங்கின கையெழுத்து அதுக்கு முந்தினது."

மறுநாள் மதியம் உறுப்பினர் பட்டறைக்குப் போனார். வாசலில் வழக்கம்போல முழங்காலை மடக்கிக் குனிந்து நுழைந்தார். பதினோரு மாதமாக அவர் விரல் உரசி நிலையின் மேல்கட்டையில் ஒரு தடமே விழுந்திருந்தது. வெளியே சொன்னால் பதவி போகும், சிறையும் உண்டு என்பதை முதலில் சொன்னார். பிறகு பூட்டைப் பற்றிச் சொன்னார். வெளிநாட்டுப் பூட்டுக்கு வரி ஐந்தாவது வருஷம் அடியோடு போகிறது. அதற்குப் பிறகு நம் அவை இங்குள்ள பட்டறைகளுக்கு உதவி செய்தால், வெளிநாட்டுப் பூட்டுக் கம்பெனிகள் வழக்குப் போடலாம். வழக்கு நீதிமன்றத்துக்கு வராது, பூட்டிய அறையில் மூன்று பேர் முன் நடக்கும். சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கை கொஞ்சம் இறங்கியது. பத்தொன்பது அரங்களும் நின்றன. கை தோளுக்கு வந்தபோது, சுவரில் தொங்கிய முந்நூற்றுச் சொச்சம் பூட்டுகளில் முதல் பூட்டு தானாகத் திறந்தது. பிறகு அடுத்தது. வாசல் பக்கமிருந்து ஜன்னல் வரைக்கும், இன்னும் சாவி அராவாத பூட்டுகள்கூட, மழை தொடங்குவது மாதிரியான சத்தத்தோடு திறந்துகொண்டே போயின. கடைசிப் பூட்டு திறந்தபோது அவர் கை தொடையருகே வந்து சேர்ந்திருந்தது.

அக்கா அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளங்கை குளிர்ந்திருந்தது. "அஞ்சு வருஷம்," என்றாள். "அப்ப எந்திரம் வேணாம். பட்டறைய மூடவும் வேணாம், இப்போதைக்கு." ஓர் அரத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். "பிடி. பதினோரு மாசமா சும்மா இருந்த கை."

இரகசியத்தை உடைத்ததற்காக அவரைப் பிடிக்க ஆணை வந்தது. ஆனால் அந்த வாரமே மற்றவர்களும் சந்தையிலும் பஸ் நிலையத்திலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் நின்று பக்கம் பக்கமாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அத்தனை பேரை அடைக்க இடம் போதாது என்று சிறை அதிகாரி எழுதிக் கொடுத்தார். ஊர் ஊராகக் கேள்வி கிளம்பி, ஒப்பந்தம் திரும்பப் பேச்சுக்குப் போய், இரண்டு வருஷம் கழித்து அவைக்கு வந்தது. ஐந்து வருஷம் பன்னிரண்டாகியிருந்தது. மூன்று பேர் அறை இல்லை. உறுப்பினர் அதைப் பட்டறையில் வாசித்தார். மூன்று நாள் சண்டை நடந்தது. தூக்கு என்று பதினொரு பேரும், தூக்காதே என்று எட்டுப் பேரும் சொன்னார்கள். அவர் தூக்கினார். பார்வையாளர் மாடத்தில் அக்கா எழுந்து நின்றாள், அவளோடு மாடம் முழுவதும் எழுந்தது. கை இறங்கியது. எட்டுப் பேரில் இரண்டு பேர் இன்றைக்கும் அவரோடு பேசுவதில்லை.

அந்த எண்பத்தைந்து பேரில் நாலு பேருக்குக் கை இன்னும் இறங்கவில்லை. மழைக்காலத்தில் சட்டைக் கைக்குள் தண்ணீர் வழியாமல் இருக்க அவர்கள் மணிக்கட்டில் ரப்பர் பட்டை போட்டுக்கொள்கிறார்கள். தெருமுனைக் கடையில் கிடைக்கிறது, இரண்டு அளவுகளில்.