நிற்காத வேன்

எங்கள் கம்பெனியில் வேலை போனால் யாரும் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். காலையில் வேன் நிற்காமல் போய்விடும், அவ்வளவுதான். இன்று என்னையும் தாண்டிப் போனது. பிறகு சற்றுத் தள்ளி நின்றது.

"நாலு நாளா பிரேக் லேட்டாத்தான் பிடிக்குதுண்ணே, ஏறுங்க," என்றான் டிரைவர்.

"உனக்கு பிரேக்கு, எனக்கு உசுருய்யா!"

அடுத்த நிறுத்தத்தில் தங்கை புருஷன் சாப்பாட்டுப் பையோடு கை காட்டினார். மேனேஜரிடம் பல்லிளித்து நான் வாங்கிக் கொடுத்த வேலை. வேன் வேகம் குறையவில்லை.

"மாப்பிள்ளைய்யா, நிறுத்து!"

"நிறுத்தினா நாளைக்கு வேற டிரைவர்தாண்ணே வருவான்."

திரும்பிப் பார்த்தேன். பிரேக் லேட்டாகப் பிடிக்கும் என்று நம்பி, மாப்பிள்ளை சிரித்தபடியே பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார்.