எட்டு வாரத்துச் சாறு

எத்தனை தடவை கணக்குப் போட்டாலும் வித்தியாசம் பூஜ்யம்தான். பீட்ரூட் சாறு குடித்த பன்னிரண்டு பெண்களும், அதே நிறத்தில் சத்து நீக்கிய சாறு குடித்த பன்னிரண்டு பெண்களும் மூவாயிரம் மீட்டரைச் சராசரியாக ஒரே நேரத்தில் ஓடி முடித்திருந்தார்கள். மூன்று வருஷம் நாயாய் அலைந்து அனுமதி வாங்கிய எட்டு வாரச் சோதனை இது.

“பலன் இல்லைன்னு ரெண்டு வரி எழுதி மூடிடுங்க. இனிமே இதுக்கு அனுமதி கிடையாது” என்றார் துறைத் தலைவர், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

மிச்சமிருந்த சாற்றுக் குப்பிகளை எடுத்துவர வீராங்கனைகளின் உடை மாற்றும் அறைக்குப் போனேன். கை கழுவும் தொட்டியின் மேல் வரிசையாக நீல பாட்டில்கள்.

“இதெல்லாம் என்ன?”

“வாய் கொப்பளிக்கற மருந்துக்கா” என்றாள் அணித் தலைவி. எல்லோரும் அவளை புல்லட் என்போம். “சாறு குடிச்சா பல்லெல்லாம் ரத்தக் காட்டேரி மாதிரி ஆயிடுதுல்ல? உங்களைக் கூட்டிட்டுப் போக வந்தப்போ உங்க வீட்டுக்காரர் பாத்துட்டு, மறுநாளே ஒரு பெட்டி கொண்டாந்து குடுத்தாரு. ஆராய்ச்சிய வெளிய சொல்லக் கூடாதுன்னீங்களே, அதான் அவர்கிட்ட டானிக்னு சொல்லி வெச்சோம். குடிச்ச கையோட எல்லாரும் கொப்பளிச்சிடுவோம். ஒரு நாள்கூடத் தவறல.”

பெருமையாகச் சொன்னாள். அந்தச் சாற்றின் சத்தை நாக்கில் குடியிருக்கும் கிருமிகள் முதலில் மாற்றிக் கொடுத்தால்தான் உடம்புக்குப் பயன்படும். நீலத் தண்ணீர் அந்தக் கிருமிகளைப் பூண்டோடு ஒழித்துவிடும். குப்பிகளைக் கொடுத்ததும் மைதானத்துக்கு ஓடிவிடும் நான் இதையெல்லாம் எங்கே பார்த்தேன்?

நேராகக் கணவரின் பல் மருத்துவமனைக்குப் போனேன். நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்தபடி கிடந்தார். அதைப் பற்றிக் கவலைப்படாமல் கத்தித் தீர்த்தேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. “ஐயையோ, பீட்ரூட் சாறா? அது நாக்குக் கிருமிய நம்பித்தானே வேலை செய்யும்!”

“உங்களுக்குத் தெரியுமா?”

“பல் டாக்டருக்கு இது தெரியாதா? தெரிஞ்சிருந்தா அந்தப் பெட்டியக் குடுத்திருப்பேனா? டானிக்னாங்க, நம்பிட்டேன்.” குரலைத் தாழ்த்தினார். “நீ என்ன ஆராய்ச்சி பண்றேன்னு ரெண்டு தடவ கேட்டேன். ‘உங்களுக்குப் புரியாது, விடுங்க’ன்னுட்ட.”

சொல்லியிருந்தேன். இரண்டு தடவையும், சாப்பாட்டுத் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

யாரையாவது நாலு வார்த்தை திட்டினால் ஆறும் என்றுதான் அங்கே போயிருந்தேன். திட்ட வேண்டிய ஆள் நான்தான் என்று ஆனதும் வாசல் பக்கம் திரும்பினேன். அவர் நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, நான் உட்கார ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.