தொட்டிக்குள் பாதிப் பங்கு

செந்தூலில் எண்ணெய்த் தொட்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் சின்னையாவும் இராமலிங்கமும் ஜோடி. ஒருவன் தொட்டிக்குள் இறங்கித் துருவைக் கொத்துவான். மற்றவன் வெளியே நின்று தகட்டை அடிப்பான். மத்தியானம் இடம் மாறிக்கொள்வார்கள். உள்ளே இருப்பவன் காதில் பஞ்சு வைத்தாலும் வைக்காவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. வருஷக்கணக்கில் அடிபட்டு இருவர் காதிலும் ஒரு சீழ்க்கை குடியேறிவிட்டது. வேலை நின்றாலும் அது நிற்காது. அதனால் சின்னையாவுக்குத் தூக்கம் போனது. தூக்கம் போன கோபம் மனைவி நல்லம்மாள் மேல் விடிந்தது. இப்போதெல்லாம் அவள் பாத்திரத்தைக்கூடப் பயந்து பயந்துதான் வைப்பாள்.

பட்டறையில் ஜோடிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவனுக்குக் கிடைத்தது எதுவானாலும் பாதி மற்றவனுக்கு. ஒற்றைச் சிகரெட்டைக்கூட உடைத்துத்தான் புகைப்பார்கள்.

பிரிக்பீல்ட்சில் ஒரு காது டாக்டர், இன்னும் கடைக்கு வராத மாத்திரையைச் சோதித்துப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு இருவரும் போனார்கள். ஆளுக்கொரு புட்டி கொடுத்தார். சில புட்டியில் மருந்து, சிலதில் வெறும் மாவு, எது யாருக்கு என்று தனக்கே தெரியாது என்றார். ஒருவர் மாத்திரையை இன்னொருவர் தொடக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

சில வாரத்தில் சின்னையாவின் சீழ்க்கை தேய்ந்தது. ஒரு நாள் காலையில் நல்லம்மாள் அரிசி களையும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கு அடியில் ஒன்றுமே இல்லை. எழுந்தால் போய்விடுமோ என்று படுத்தே கிடந்தான்.

இதைப் பட்டறையில் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டான். இராமலிங்கத்துக்கோ கொஞ்சமும் குறையவில்லை. அவன் புட்டியில் இருந்தது மாவு என்று எல்லாருக்கும் புரிந்துபோனது.

"சின்னையா இப்ப தவுக்கே லா, பெரிய முதலாளி. தனி மருந்து, தனித் தூக்கம்" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

இராமலிங்கம் சிரிக்கவில்லை. பாதி கேட்டான். டாக்டர் சொன்னதைச் சின்னையா நினைவுபடுத்தினான்.

"டாக்டரா உன்கூட தொட்டிக்குள்ள இறங்குறான்? சரி, தனியாவே தின்னு. நாளையிலேர்ந்து முழு நாளும் நீயே உள்ள இரு. நான் மாத்திவிட மாட்டேன்."

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் காதில் விழாதது போல் நகர்ந்தார். முழு நாளும் உள்ளே இருந்தால் எந்த மருந்தும் தாங்காது. மறுநாள் சின்னையா புட்டியைக் கொண்டுவந்தான். இரண்டு புட்டியையும் ஒரு மைலோ டின்னில் கொட்டிக் குலுக்கிப் பிரித்துக்கொண்டார்கள். பாதி மருந்து இருவருக்குமே போதவில்லை.

டாக்டர் பரிசோதிக்க எடுத்த இரத்தம் வெளிநாட்டுக்குப் போய், முடிவு வந்தது. மாவு தின்றவன் இரத்தத்தில் மருந்து இருந்தது. இருவரையும் டாக்டர் சோதனையிலிருந்து நீக்கிவிட்டார். சின்னையா காலில் விழப் போனான். டாக்டர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"உங்களால என் சோதனையே கெட்டுப்போச்சு. மருந்து கடைக்கு வந்தா வாங்கிச் சாப்பிடுங்க."

எப்போது வரும் என்று சின்னையா கேட்டான். வராமலும் போகலாம் என்றார்.

சீழ்க்கை முழுசாகத் திரும்பியது. நல்லம்மாள் மறுபடியும் பாத்திரத்தை மெதுவாக வைக்கத் தொடங்கினாள்.

ஒரு நாள் சின்னையா தொட்டிக்குள் இறங்கப் போனபோது இராமலிங்கம் கேட்டான்.

"அது நின்னப்ப எப்படிடா இருந்துச்சு?"

"அதுலயும் பாதி வேணுமா?" என்றான் சின்னையா.

இராமலிங்கம் சுத்தியலை எடுத்தான். சின்னையா உள்ளே இறங்கி, சட்டைப்பையில் பஞ்சைத் தேடினான். அவன் அதைக் காதில் வைப்பதற்குள் வெளியே தகட்டில் சுத்தியல் அடி விழுந்தது.