ஒன்பது கிலோ மணல்

காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் எலும்பு டாக்டரின் கண் போவது நோயாளியின் முகத்துக்கு அல்ல, கட்டிலின் கால்மாட்டுக்கு. அன்றும் ஏழாம் கட்டிலில் அதே கூத்துதான். அந்தரத்தில் தொங்க வேண்டிய மணல் மூட்டை ஒரு முக்காலியின் மேல் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

கட்டிலில் கிடந்தவர் ஒரு கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டவர். ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்திருந்தால் இதற்குள் ஊன்றுகோலோடு நடந்திருப்பார். ஆனால் எலும்பைத் துளைக்கும் டிரில் மிஷின் பழுதாகி நான்கு மாதம் ஆகிவிட்டது. டாக்டர் மேலிடத்துக்கு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து ஒரே பதில் வந்தது: ரோபோவைக் கொண்டு மூட்டு மாற்றும் முறை பற்றி இரண்டு நாள் பயிற்சி, தவறாமல் கலந்துகொள்ளவும். அதை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த தன் மேசைக் காலுக்கு முட்டுக்கொடுத்தார் டாக்டர்.

வேறு வழியில்லாமல் பழைய முறைக்குப் போனார். முழங்காலுக்குக் கீழே ஒரு கம்பியைக் கையாலேயே திருகிச் செலுத்தி, அதில் கயிறு கட்டி, கப்பி வழியாக ஒன்பது கிலோ மணலைத் தொங்கவிட்டார். ஒழுங்காகத் தொங்கினால் எலும்பு நேராகக் கூடிவிடும். தொங்கினால்தானே.

"சிஸ்டர், இதை யாரு முக்காலியில வச்சது?"

"அவர் சம்சாரம்தான் மேடம். நூறு தடவ சொல்லியாச்சு, தொடாதேன்னு. நாம அந்தப் பக்கம் போனதும் தூக்கி வச்சிடுது."

டாக்டர் டேப்பை எடுத்து இரண்டு காலையும் அளந்தார். முறிந்த கால் இரண்டரை சென்டிமீட்டர் குட்டை. போன வாரம் ஒன்றரைதான். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் நொண்டியா நடக்கணும்னு ஆசையா உங்களுக்கு?"

கொத்தனாரின் மனைவி சித்தாள் வேலை செய்பவள். அவள் தலை குனியவில்லை. "வலிக்குது வலிக்குதுன்னு துடிக்கிறாரு டாக்டரம்மா. பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றீங்களா? தொடாதே தொடாதேன்னு ஆளாளுக்கு அதட்டுறீங்க. அது எதுக்குத் தொங்குதுன்னு யாராவது சொன்னீங்களா?"

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் பயிற்சி டாக்டரைப் பார்த்தாள். அவரோ தன் செருப்பைப் பார்த்தார். பத்தொன்பது நாளாக ஒருவரும் சொல்லவில்லை. டாக்டரும்தான் சொல்லவில்லை. அந்த நினைப்பில் கோபம் தன் பக்கமே திரும்பியது.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு பேனாக்களை முனையோடு முனை வைத்துக் காட்டினார். "எலும்பு இப்படி உடைஞ்சிருக்கு. தொடைச் சதைக்கு பலம் ஜாஸ்தி. அது ரெண்டையும் இழுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏத்திடும். ஏறினா கால் குட்டை. மணல் இந்தப் பக்கம் இழுத்துக்கிட்டே இருந்தாத்தான் முனை முனையோட நிக்கும். வலியும் குறையும். நீங்க ஒவ்வொரு தடவ தூக்கும்போதும் சதை மறுபடி இழுக்குது, அதான் மறுபடி வலி."

அவள் கயிற்றையும் கப்பியையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சுவரு நேரா இருக்கான்னு பாக்குற தூக்குக்குண்டு மாதிரி. தரையில பட்டா சுவரு கோணிடும்."

"அதேதான்."

"இத மொதல் நாளே சொல்லியிருந்தா என்ன?"

டாக்டர் மூட்டையைத் தூக்கி மெல்லத் தொங்கவிட்டார். அவளே முக்காலியை இழுத்து வார்டுக்கு வெளியே போட்டாள்.

டாக்டர் இன்னொரு கிலோ சேர்த்தார். அதற்கப்புறம் வார்டில் ஒரு மூட்டையும் தரையைத் தொடவில்லை. தரை துடைப்பவர் மூன்றாம் கட்டில் மூட்டையைத் துடைப்பத்தால் நகர்த்தியபோது கொத்தனாரின் மனைவி பிடிபிடியென்று பிடித்தாள். ஒருநாள் எக்ஸ்ரேக்குப் போய்வந்த நோயாளிக்குப் பயிற்சி டாக்டர் கயிற்றைக் கப்பிக்கு வெளியே மாட்டிவிட்டுப் போனார். அவள் வராந்தா வரை துரத்திப் போய், "தம்பி, வந்து சரியா மாட்டிட்டுப் போங்க" என்று கூட்டிவந்தாள். சிஸ்டரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ரோபோ பயிற்சிக்கு டாக்டர் போகவில்லை. வியாழக்கிழமை மதியங்களில் ஏழாம் கட்டிலருகே நர்ஸுகளையும் பயிற்சி டாக்டர்களையும் நிற்கவைத்து, அந்த அம்மாவையே சொல்லிக்காட்டச் சொன்னார். படிச்சவங்களுக்கு நான் சொல்றதா என்று அவள் முதலில் கூச்சப்பட்டாள். இரண்டாவது வியாழன் கேள்வி கேட்டு மடக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

பன்னிரண்டாவது வாரம் கொத்தனார் ஊன்றுகோலோடு எழுந்து நின்றார். டாக்டர் அளந்தார். அரை சென்டிமீட்டர்தான் குறைவு. நடையில் தெரியாது. மனைவி அவரைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள்.

அதே வாரம், இதில் கை பழகிய பயிற்சி டாக்டர்கள் மூவரையும் வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். இடுப்பில் கைவைத்து அந்த உத்தரவை இரண்டு முறை படித்தார் டாக்டர். டிரில் மிஷின் பற்றி ஒரு வரியும் இல்லை. வியாழன் மதியம் புதிதாக வந்த மூவரைக் கூட்டிக்கொண்டு வார்டுக்குப் போனார். மூன்றாம் கட்டிலில் கிடந்த பெயிண்டரின் அக்கா, இத்தனை வியாழன்களும் ஓரமாக நின்று கேட்டவள், யாரும் கூப்பிடாமலே எழுந்து வந்து கயிற்றருகே நின்றாள்.

"இது எதுக்குத் தொங்குதுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று புதியவர்களைக் கேட்டாள்.