லோறன்ஸின் உச்சம் எந்த வருசம்?

கொழும்பிலிருந்து வந்த கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, முன்னாள் குத்துச்சண்டைச் சம்பியன் லோறன்ஸ் பள்ளிமுனையில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். மார்கழியில் மறுபடி மேடையேறச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். வயதோ முப்பத்தெட்டு. போகலாமா என்று கூட்டாளிகள் இருவரிடமும் கேட்டதுதான் தாமதம், அவர்கள் வேறு சண்டையைத் தொடங்கிவிட்டார்கள்.

“முத்துக்குளிப்பு நடந்த வருசந்தான் இவன்ரை உச்சம்,” என்றான் கடைக்கார வஸீர். “அந்த வெள்ளைக்காரக் கப்பல்காரனை ரெண்டே குத்திலை படுக்க வைச்சவன்.”

“உனக்கென்ன விசரே மச்சான்? அப்ப இவனுக்குக் கை மட்டுந்தான் ஓடினது. காலும் சேந்து ஓடினது ரெண்டு வருசத்துக்குப் பிறகு,” என்றான் மீன்பிடிக்கிற எமிலியானுஸ்.

“நீ கண்டனியே? நீ அண்டைக்குக் கடலிலையெல்லோ நிண்டனீ!”

லோறன்ஸ் சிரித்தபடி காத்திருந்தான். ‘இப்பவும் குறைச்சல் இல்லை’ என்று ஒருவனாவது சொல்லிவிடமாட்டானா? அரை மணி நேரம் போயிற்று. இருவரும் அந்தப் பழைய வருடங்களைத் தாண்டி இப்பால் வரவேயில்லை. தன் முகத்துக்காகக்கூட இவர்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்பது அவனுக்குப் பிடித்திருந்தது.

பேனையை எடுத்துப் பதில் எழுதினான்: “சண்டைக்கு வரமாட்டேன், பார்க்க வருகிறேன். முன்வரிசையில் மூன்று கதிரை போட்டு வையுங்கள். கூட வருகிற இருவரும் கொஞ்சம் சத்தம் போடுவார்கள்.”